உயரத் தூக்கிய கால்

விளக்குக் கம்பத்தடியில் டாஷ்ஹண்ட் ஒன்று காலைத் தூக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். தரையை ஒட்டிய உடம்பு, விரல் நீளக் கால்கள். ஆனால் அந்தப் பின்னங்கால் மட்டும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே போகிறது. இடுப்பு சாய்கிறது, ஊன்றிய கால் தள்ளாடுகிறது, சில சமயம் நாயே சரிந்து விழப்பார்க்கிறது. அதே கம்பத்துக்கு வரும் லாப்ரடார் காலைச் சற்றே உயர்த்தி, வேலையை முடித்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறது.

சிறிய நாய் மட்டும் இவ்வளவு பாடுபடுவானேன்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டி மெக்வயர் இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டார். காப்பகங்களில் இருந்த ஆண் நாய்களை நடக்க அழைத்துப்போய், கால் தூக்குவதைப் படம்பிடித்து, காலின் கோணத்தையும் சிறுநீர் பட்ட உயரத்தையும் அவருடைய குழு அளந்தது. 2018-இல் வெளியான முடிவு இது: கால் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு உயரத்தில் அடையாளம் விழுகிறது, சிறிய நாய்கள் பெரிய நாய்களைவிட அதிகக் கோணத்தில் காலை விரிக்கின்றன.

நாய்க்குச் சிறுநீர் அடையாளம் என்பது முகவரிச் சீட்டு. ஆணா பெண்ணா, எந்த நிலையில் இருக்கிறது, எப்போது வந்துபோனது என்பதையெல்லாம் அடுத்து வரும் மூக்கு அதிலிருந்து படித்துக்கொள்கிறது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் ஒரு செய்தியாக இருக்கலாம். நேருக்கு நேர் மோதினால் தோற்கப்போகும் நாய்க்கு, தன்னைப் பெரியதாகக் காட்டும் அடையாளத்தை விட்டுவிட்டு வீடு திரும்புவது நல்ல ஏற்பாடு. இதற்கு இன்னொரு விளக்கமும் சொல்லலாம். ஏற்கெனவே பெரிய நாய் விட்டுப்போன இடத்தின் மேலேயே தன்னுடையதையும் பதிக்க முயலும்போது, குட்டை நாய்க்கு எட்டிப்பிடிப்பதைத் தவிர வழியில்லை. எது சரி என்பதை இன்னும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஆனால் சிறிய நாய்கள் பெரிய நாய்களைவிட அடிக்கடி அடையாளமிடுகின்றன என்றும் இதே குழு கண்டிருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், சந்திப்பைத் தவிர்த்து வாசனையால் பேசுவதையே அவை விரும்புகின்றன என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது.

சில சிவாவாக்களும் டாஷ்ஹண்டுகளும் இன்னும் ஒரு படி மேலே போகும். இரண்டு பின்னங்கால்களையும் தூக்கி, முன்னங்கால்களில் நின்றபடியே சிறுநீர் கழிக்கும். பார்ப்பவர்கள் யாரோ பழக்கிவிட்டதாக நினைப்பார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் புதர்நாய் என்றொரு காட்டு உறவினம் உண்டு. அதுவும் குட்டைக் கால் கொண்டதுதான். அதில் பெண் நாய்கள் மரத்தில் பின்புறத்தைச் சாய்த்து இப்படித்தான் தலைகீழாக நின்று அடையாளமிடுகின்றன. அவற்றுக்கு யாரும் வித்தை கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான். சிறிய நாயின் விசித்திரமான இருப்பும் நிற்பும் படுப்பும் வேடிக்கைக்காக வந்தவை அல்ல. அந்தச் சிறிய உடம்பு தன் அளவுக்கும், தன்னைச் சுற்றியிருக்கும் பெரிய உலகத்துக்கும் சொல்லும் பதில்கள் அவை. சில பதில்கள் சந்தோஷமானவை. சில வலியைச் சொல்பவை. சிரித்துவிட்டு நகர்ந்தால் இரண்டும் நமக்கு ஒன்றாகவே தெரியும்.

உடம்பு சிறுத்த கதையை முதலில் பார்த்துவிடலாம். நாய்களின் அளவைத் தீர்மானிப்பதில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007-இல் தெரியவந்தது. மனிதர்கள் குட்டி நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கிய பிறகே இந்த மாற்றம் தோன்றியிருக்கும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். எலெய்ன் ஆஸ்ட்ரேண்டரின் குழு 2022-இல் அந்த எண்ணத்தையே புரட்டிப்போட்டது. சைபீரியாவில் கிடைத்த சுமார் 54,000 ஆண்டுப் பழமையான ஓநாயின் மரபணுவிலேயே சிற்றுடலுக்கான வடிவம் இருந்தது. நாய் என்ற விலங்கே உருவாகாத காலம் அது. ஆக, உங்கள் மடியில் படுத்திருக்கும் பொமரேனியனின் குட்டி உருவத்துக்கான விதை, மடியில் ஏற்றிக்கொள்ள மனிதர் யாரும் நினைத்திராத காலத்து ஓநாய்க்குள்ளேயே கிடந்தது. டாஷ்ஹண்டின் குட்டைக் கால்களின் கதை வேறு. எஃப்ஜிஎஃப்-4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டதால் வந்தது அது. பொமரேனியன் முழு நாயின் சுருங்கிய அளவு. டாஷ்ஹண்டோ நடுத்தர நாயின் உடம்பைக் குறுகிய கால்களில் சுமக்கிறது. இந்த வேறுபாடு பின்னால் வேண்டியிருக்கும்.

சிறிய உடம்புக்கு முதல் கவலை சூடு. டம்ளரில் ஊற்றிய காபி, பாத்திரத்தில் இருக்கும் காபியைவிட எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். உடம்பு சிறுக்கச் சிறுக்க எடை குறையும் வேகத்துக்குத் தோலின் பரப்பு குறைவதில்லை. ஒரே வடிவம் கொண்ட 3 கிலோ நாயையும் 30 கிலோ நாயையும் ஒப்பிட்டால், சிறியதற்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமான தோல் பரப்பு இருக்கும். அந்தப் பரப்பு முழுவதும் சூடு வெளியேறுகிறது. மார்கழி விடியலில் சிவாவா வெடவெடவென்று நடுங்குவதும், போர்வைக்குள் மூக்கை நுழைத்துத் தோண்டித் தோண்டி உள்ளே போய் மறைவதும், மூக்கை வாலுக்கடியில் செருகி வட்டமாகச் சுருண்டுகொள்வதும் இந்தக் கணக்கின் விளைவு. சுருண்டால் வெளியே தெரியும் பரப்பு குறைகிறது. முடி மெலிந்த வயிறும் மூக்கும் உள்ளே போய்விடுகின்றன.

சித்திரை வெயிலில் இதே நாய் சுருளை அவிழ்த்துப் போட்டுவிடும். மொசைக் தரையில் வயிற்றை ஒட்டி, பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரிப் பின்னுக்கு நீட்டி, முகவாயைத் தரையில் வைத்துக் கிடக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்வை உண்டு. மூச்சிரைப்பதுதான் முக்கியமான குளிர்விப்பு. அதோடு, முடி குறைந்த வயிற்றையும் தொடையின் உட்புறத்தையும் குளிர்ந்த தரையில் பதிப்பது கூடுதல் உதவி. இடுப்பு மூட்டு நன்றாக வளையும் குட்டிகளுக்கும் குட்டை நாய்களுக்கும் இந்தப் படுக்கை எளிது. எப்போதும் இப்படிப் படுக்கும் நாய் இப்படிப் படுத்தால் அது சுகம். ஒருநாளும் இப்படிப் படுக்காத, வயதான நாய் திடீரென்று கால்களை நீட்டிக்கொண்டு எழத் தயங்கினால் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடுக்கத்தையும் குளிர் என்ற ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது. அழைப்புமணி அடித்தால் வரும் நடுக்கம் பரபரப்பு. தீபாவளி வெடிக்கு அலமாரி இடுக்கில் ஒடுங்கி நடுங்குவது பயம். பொம்மை அளவுள்ள இனங்களின் குட்டிகள் சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே ரத்தச் சர்க்கரை குறைந்து நடுங்கித் துவளும். அவற்றின் கல்லீரலில் சேமிப்பு அவ்வளவு குறைவு. எங்கே, எப்போது, எதற்குப் பிறகு நடுங்குகிறது என்று கவனிப்பவருக்குத்தான் இந்த வேறுபாடு தெரியும்.

படுப்பதற்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருவதைச் சார்ல்ஸ் டார்வினும் எழுதியிருக்கிறார். 1872-இல் வெளியான உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில், கம்பளத்தின் மேல் நாய் சுற்றிப் பிராண்டுவது, முன்னோர்கள் புல்லை மிதித்துப் படுக்கை அமைத்த பழக்கத்தின் மிச்சம் என்று விளக்குகிறார். பிற்காலத்தில் கனடாவின் உளவியலாளர் ஸ்டான்லி கோரன் சமமான தரையிலும், மேடுபள்ளமான விரிப்பிலும் நாய்களை விட்டுப் பார்த்தபோது, மேடுபள்ளத்தில்தான் அவை அதிகம் சுற்றின. ஆகவே இது வெறும் மிச்சமில்லை. இன்றைய படுக்கையைச் சீர்செய்யும் வேலையும் அதில் இருக்கிறது.

இனி, சிறிய நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கும் ஒரு நிலைக்கு வருகிறேன். முன்னங்கைகள் தரையில் நீண்டு, மார்பு தாழ்ந்து, பின்புறம் மட்டும் உயர்ந்து நிற்கும் நிலை. விளையாட வா என்று கூப்பிடும் வணக்கம் இது. நாய், ஓநாய், கயோட்டி மூன்றும் இதைச் செய்கின்றன. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெகாஃப் இவற்றின் விளையாட்டைப் பல ஆண்டுகள் கவனித்து, 1995-இல் ஓர் அழகான விஷயத்தைச் சொன்னார். இந்த வணக்கம் கண்டபடி வருவதில்லை. கவ்வித் தலையை உதறுவது மாதிரி, சண்டையாகத் தவறாக எடுத்துக்கொள்ளப்படக்கூடிய செயலுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோதான் அதிகம் வருகிறது. இப்போது நான் செய்யப்போவது விளையாட்டு, இப்போது செய்ததும் விளையாட்டு என்று அது உறுதிகூறுகிறது. ஒரு பொமரேனியன் தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள நாயுடன் நம்பி விளையாட முடிவது இந்த உறுதிமொழியால்தான்.

அதே உடல்நிலைக்கு முற்றிலும் வேறு காரணமும் இருக்கலாம். வயிற்றில், குறிப்பாகக் கணையத்தில் அழற்சி வந்த நாயும் மார்பைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். அப்படி நின்றால் வயிற்று வலி சற்றுக் குறைகிறது போலும். குட்டி ஷ்னாவ்ஸர் போன்ற சில சிறிய இனங்களின் ரத்தத்தில் கொழுப்பு இயல்பாகவே கூடுதல். கணைய அழற்சி அவற்றை எளிதில் பிடிக்கிறது. விருந்து நாளில் ஆட்டுக்கறிக் கொழுப்பையும் எண்ணெய் மிதக்கும் குழம்பையும் தின்ற மறுநாள் இப்படி ஒரு நாய் நிற்கிறது என்று வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் விளையாடக் கூப்பிடுகிறது என்று பந்தை எடுத்து வருவார்கள். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. விளையாட்டு வணக்கம் நொடிக்கணக்கில் முடிந்து துள்ளலாக மாறும். வால் ஆடும், கண் உங்களைத் தேடும். வலியின் வணக்கம் அப்படியே நீடிக்கும், மறுபடி மறுபடி வரும், நாய் யாரையும் பார்க்காது. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், வாந்தியும் வரலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய நிலை அது.

பக் நாய்களைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. 2003-இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில், சிறுவன் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்த அந்தச் சுருங்கிய முகத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு இந்தியாவின் நகர வீடுகளில் பக் பெருகியது. அதன் பழக்கங்களில் மனதை முதலில் பிடிப்பது அந்தப் பார்வை. நம் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. இதற்குக் கண்ணின் அமைப்பே ஒரு காரணமாக இருக்கலாம். நீண்ட மூக்கு நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோலப் பரவியிருக்கின்றன. அடிவானத்தில் ஓடும் முயலைப் பிடிக்க அது ஏற்றது. குட்டை மூக்கு நாய்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவி இதை 2004-இல் காட்டினார். எதிரே இருக்கும் ஒரு முகத்தை நின்று பார்க்கும் கண் அது.

ஆனால் அதே பக் உட்கார்ந்தபடியே தூங்கி, தலை ஆடி ஆடி விழுந்து விழித்துக்கொள்வதும், முகவாயைச் சோபாவின் கைப்பிடியில் உயர்த்தி வைத்தே தூங்குவதும், பொம்மையை வாயில் கவ்வியபடி தூங்குவதும் சிரித்துப் பகிரத்தக்க காட்சிகள் அல்ல. மனிதர்கள் அதன் மண்டையோட்டைக் குறுக்கினார்கள். உள்ளே இருக்கும் மென்சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மேலண்ணம் நீண்டு தொங்குகிறது, மூக்குத் துளை கோடாகக் குறுகியிருக்கிறது. விழித்திருக்கும்போது தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து பிடித்திருக்கும். தூங்கியதும் தசை தளர்ந்து பாதை அடைபடும். கழுத்தை நிமிர்த்தினால் பாதை சற்றுத் திறக்கும். வாயில் ஏதாவது இருந்தால் வாய் மூடாது, காற்று போகும். மூச்சுக்காக அந்த நாய் தானே கண்டுபிடித்த உபாயங்கள் இவை.

லண்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2012-இல் வெளியான ஆய்வு என்னை உலுக்கியது. மூச்சுப்பாதை அடைப்பு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் 58 விழுக்காட்டினர், தங்கள் நாய்க்கு மூச்சுத் தொல்லை எதுவும் இல்லை என்றார்கள். குறட்டையும் மூச்சிரைப்பும் அவர்கள் காதிலும் விழுந்தவைதாம். இந்த இனம் இப்படித்தான் என்று அவற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்பில் குறை வைத்தவர்கள் இல்லை அவர்கள். பழகிப்போன காட்சி கண்ணில் படாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நம் ஊரின் மே மாதத்தில் இது இன்னும் கொடியது. மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்க வேண்டிய விலங்கு, மூச்சுவிடவே திணறுகிறது. பக்கை நண்பகலில் நடக்க அழைத்துப்போகக் கூடாது என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, காற்றை உள்ளிழுக்கும் தும்மல். கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து, குர் குர் என்று மூச்சை உள்ளே இழுத்துத் திணறுவது மாதிரி இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். மூக்கின் பின்பகுதியில் ஏற்படும் உறுத்தலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. சில நொடிகளில் தானாக அடங்கும். எப்போதாவது வந்தால் கவலையில்லை.

நடையிலும் சேதி இருக்கிறது. பொமரேனியனோ டாய் பூடிலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பின்னங்காலை மடக்கிக்கொண்டு மூன்று நான்கு தப்படி நொண்டியடித்துவிட்டு, காலை ஒருமுறை உதறி மறுபடி இயல்பாக ஓடும். துள்ளல் நடை என்று வீட்டில் செல்லமாகச் சொல்வார்கள். முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து விலகி, பிறகு தானே திரும்பி அமர்கிறது. சிற்றினங்களில் இது மிகச் சாதாரணம். லேசாக இருக்கும்போதே எடையைக் கட்டுக்குள் வைத்தால் பல நாய்கள் சமாளித்துவிடும். விட்டுவிட்டால் மூட்டு தேயும்.

டாஷ்ஹண்ட் பின்புறத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்கைகளைத் தொங்கவிட்டு எட்டிப் பார்ப்பது அழகுதான். ஆனால் முன்பு சொன்ன எஃப்ஜிஎஃப்-4 மரபணுவுக்கு இன்னொரு நகலும் இருப்பதை 2017-இல் கண்டுபிடித்தார்கள். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குகளைச் சிறு வயதிலேயே இறுகிப்போகச் செய்வது அதுதான். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் டிஸ்க் நோய் வருகிறது. நேற்றுவரை சோபாவில் தாவிய நாய் இன்று கீழே நின்று ஏறிட்டுப் பார்த்தால் அது சோம்பல் இல்லை. முதுகு வளைந்து நின்றாலோ, பின்பாதம் தரையில் இழுபட்டாலோ காத்திருக்க நேரமில்லை. சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடக்கூடும்.

எல்லாவற்றையும்விட நாம் தவறவிடுவது, சிறிய நாய் வேண்டாம் என்று சொல்வதை. உதட்டை நக்கும், பசியில்லாமலே. கொட்டாவி விடும், தூக்கம் இல்லாமலே. ஒரு முன்னங்காலை மடக்கி அந்தரத்தில் வைத்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். இவ்வளவும் சொல்லிப் பார்த்த பிறகுதான் உறுமும், அதற்கும் பிறகுதான் கடிக்கும். பெரிய நாய் உறுமினால் வீடே விலகி நிற்கும். இரண்டு கிலோ நாய் உறுமினால், கோபத்தைப் பாரேன் என்று தூக்கி இன்னும் இறுக்கிக் கொஞ்சுவார்கள். தூக்கிய நாய்க்கு ஓட இடமில்லை. அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மெல்லச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

வியன்னா வட்டாரத்தில் 1,276 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. சிறிய நாய்கள் பெரியவற்றைவிடக் குறைவாகக் கீழ்ப்படிந்தன. பதற்றமும் பயமும், எரிந்து விழும் குணமும் அதிகம் காட்டின. அந்த ஆய்வு அங்கேயே நின்றுவிடவில்லை. சிறிய நாய் வளர்ப்பவர்கள் ஒரே செயலை ஒருநாள் அனுமதித்து மறுநாள் அதட்டுபவர்களாக இருந்தார்கள். தங்கள் நாயோடு பயிற்சியிலும் விளையாட்டிலும் குறைவாகவே ஈடுபட்டார்கள். சிறிய நாய்களின் முன்கோபத்தில் பிறவிக்குணமும் உண்டுதான். ஆனால் அதில் கணிசமான பகுதி நம் கையால் வருவது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் கையால் வருவதை நம் கையாலேயே மாற்றவும் முடியும். தூக்குவதற்கு முன் கையை நீட்டிக் காத்திருங்கள். நாய் முன்னால் வந்தால் தூக்குங்கள், தலையைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். சில வாரங்களில் உறுமல் குறைவதை வீட்டிலேயே பார்க்கலாம்.

வால் ஆடுவதெல்லாம் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் 30 நாய்களின் வாலசைவை அளந்தார்கள். தன் வீட்டு மனிதரைக் கண்டதும் வால் நாயின் வலப்பக்கம் அதிகம் போனது. மிரட்டலான அந்நிய நாயைக் கண்டதும் இடப்பக்கம் சாய்ந்தது. மூளையின் இரு பாதிகளும் நெருங்குவதையும் விலகுவதையும் பிரித்துக் கையாள்வதன் அடையாளம் இது. முதுகின் மேல் சுருண்டுகிடக்கும் பொமரேனியன் வாலிலும், இறுகிய பக் வாலிலும் இந்த வேறுபாட்டைக் காண்பது கடினம். அந்த இனங்களில் காதையும் கண்ணையும் உடம்பின் விறைப்பையும்தான் நம்ப வேண்டும்.

தலையைச் சாய்த்துக் கேட்பது மட்டும் எந்த இனத்திலும் தவறாமல் நம்மை உருக்கிவிடுகிறது. புடாபெஸ்ட்டின் எயோட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில், பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளும் அபூர்வத் திறமை கொண்ட சில நாய்களையும் சாதாரண நாய்களையும் ஒப்பிட்டார்கள். பொம்மையின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொன்னபோது, திறமைசாலி நாய்கள் 43 விழுக்காடு முறை தலையைச் சாய்த்தன. மற்றவை 2 விழுக்காடு மட்டுமே. ஒவ்வொரு நாய்க்கும் தனக்கென்று ஒரு பக்கம் இருந்தது. சொல்பவர் எங்கே நின்றாலும் அது மாறவில்லை. ஒலி வரும் திசையைப் பிடிப்பதற்காக மட்டும் சாய்த்திருந்தால் ஆள் நின்ற இடத்துக்கேற்பப் பக்கம் மாறியிருக்கும். கேட்ட சொல்லோடு நினைவில் இருக்கும் பொருளைப் பொருத்திப் பார்க்கும் கவனம் அந்தச் சாய்வில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் நாய் எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று இன்றே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நின்றதும் தலை நேராகிவிடும். வீடு அமைதியாக இருக்கும்போதும் தலை சாய்ந்தே இருந்து, நடை ஒரு பக்கமாகத் தள்ளாடி, விழிகள் வெட்டி வெட்டி அசைந்தால் அது கவனம் அல்ல, உள்காதிலோ மூளையின் சமநிலைப் பகுதியிலோ கோளாறு. கைபேசியில் அரை நிமிடம் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பயத்தில் பல நாய்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். வீட்டில் எடுத்த அந்தப் படத்தில் மருத்துவருக்கு வேண்டிய பாதி விவரம் இருக்கும்.